பழைய ரயில் சுரங்கத்தில் எரிந்த செத்தல் மிளகாயும் கஜா அக்காவின் முதலிடமும்

“முதல் இதை எழுதுங்கோ: எங்கட கஜா அக்கா ஆல்ட்பான் ஓட்டத்திலை பொம்பிளையளுக்குள்ளை முதலாவதா வந்திட்டா, சுரங்கத்துக்குள்ளை வந்தது விஷப் புகை இல்லை, அது வெறும் செத்தல் மிளகாய், கஜா அக்காவுக்கு அதைப் பற்றி ஒண்டுமே தெரியாது!”

மேற்படி வசனத்தை நான் கதிரையில் இருப்பதற்கு முன்பே சொன்னேன். பெயர், வயது, முகவரிதான் முதலில் வர வேண்டும் என்று பொலிஸ் அலுவலர் திருமதி ஸ்டூடர் சொன்னார். இருந்தாலும் அந்த வசனத்தை வெட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டபடியால் அது மேலே அப்படியே விடப்பட்டுள்ளது.

என் பெயர் மதுஜா இராஜசிங்கம். வயது பத்தொன்பது. சுவிஸ் நாட்டில், பாசலில் பிறந்தவள். பாசல் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் உள்ள தொடர்மாடி ஒன்றில் அப்பா, அம்மா, தம்பி சயன் ஆகியோருடன் வசிக்கிறேன். இரசாயன ஆய்வுகூடம் ஒன்றில் தொழில் பழகுகிறேன், இது இரண்டாம் வருடம். இதற்கு முன் பொலிஸ் நிலையத்துக்கு ஒரே ஒரு தடவை, களவு போன சைக்கிளுக்காக வந்திருக்கிறேன். சைக்கிள் கிடைக்கவில்லை.

நான் இந்த வாக்குமூலத்தை பாசல் டொச்சில், அதாவது இங்கத்தைய ஜேர்மன் மொழியில்தான் சொல்லத் தொடங்கினேன். ஆனால் நாவூறு, அதாவது கண் படுவது, என்பதற்கு டொச்சில் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மூன்று தடவை விளங்கப்படுத்திய பிறகு அலுவலர், “அப்படியென்றால் உங்களுக்குப் போட்டியாளர்கள் மேல் பொறாமை, அதனால் நெருப்பு வைத்தீர்கள், சரியா?” என்று கேட்டார். அது முழுவதும் தலைகீழ் என்றபடியால் மொழிபெயர்ப்பாளர் திரு. நித்தியானந்தன் அழைக்கப்பட்டார். அவர் வந்த பிறகு நான் தமிழில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டு அலுவலருக்கு டொச்சில் வாசித்தார்.

கஜா அக்கா எனப்படும் கஜலக்சுமி எனக்குச் சொந்தம் இல்லை. அவர் பாசலில் ட்ராம் ஓட்டுகிறார், வயது நாற்பத்தொன்று. நான் அவருடைய ரசிகை. இரண்டு வருடங்களுக்கு முன் பனிக்காலத்தில் நான் போன ட்ராம் மின்சாரம் இல்லாமல் வழியில் நின்றது. எல்லோரையும் இறக்கிவிட்டு, ட்ராமைத் திருத்த வந்த ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் ஓட்டுநர் சீருடையோடு தண்டவாளத்தின் ஓரமாகப் பணிமனைக்கு ஓடத் தொடங்கினார். பின்னால் ஓடிய நான் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து, “தங்கச்சி, அடுத்த ட்ராமிலை வாரும்!” என்று தமிழில் கத்திவிட்டுப் போனார். நான் தமிழ்ப் பிள்ளை என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு கேட்டேன். பின்னால் ஓடி வந்தபோது நான் “ஐயோ அம்மா” என்றேனாம்.

அந்தக் காட்சியை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டேன். அதன் பிறகு “கஜா ஓடுறா” என்று ஒரு பக்கம் தொடங்கினேன். படம் வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுப் போடுவது, எழுத்துப் போடுவது எல்லாம் நானாகப் பழகியவை. கஜா அக்கா எதற்கும் சம்பளம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பிர்ஸ் ஆற்றங்கரையில் காலையில் ஓடுவார், நான் சைக்கிளில் பின்னால் போய்ப் படம் பிடிப்பேன். இப்போது சொல்லும் சைக்கிள் புதியது.

ஆல்ட்பான் ஓட்டம் என்பது வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடக்கும் நீண்ட தூர ஓட்டம். முன்பு கல் குவாரிக்கு ரயில் போன பாதை அது. நான் பிறக்க முன்பே ரயில் நின்று, தண்டவாளம் கழற்றப்பட்டு, நுண்சல்லி போடப்பட்டுவிட்டது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பாறை. ரயில் ஏற வேண்டிய பாதை என்றபடியால் செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லை; ஆனால் ஏற்றம் முடிவதும் இல்லை. கஜா அக்கா அந்தப் பாதையை முதல் தடவை கண்டபோது, “தண்டவாளம் இல்லாத இடத்திலை ஓடினா எனக்கு வழி தவறிப்போம், இது நல்லது, ஸ்டேசன் ஸ்டேசனாப் போகலாம்” என்றார். பழைய நிலையக் கட்டடம்தான் முடிவிடம், இப்போது அது கோப்பிக் கடை. அதற்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஒரு நீண்ட சுரங்கப்பாதை உண்டு. அது வளைந்து போவதால் ஒரு வாயிலில் நின்றால் மற்ற வாயில் தெரியாது. கீழ் வாயில் ஆற்றுப் பக்கம், மேல் வாயில் நிலையத்தின் பக்கம்.

கஜா அக்காவுக்கு ஒரு அக்கா இருக்கிறார். பெயர் யோகாம்பாள், நான் யோகா அன்ரி என்று கூப்பிடுவேன். இருவரும் ஒரே கட்டடத்தில் மேல் மாடியும் கீழ் மாடியுமாக இருக்கிறார்கள். யோகா அன்ரி என் இணையப் பக்கத்தில் சேர்ந்த முதலாவது ஆள், எல்லாப் படத்துக்கும் கீழே கும்பிடும் கைப் படம் போடுவார்.

ஓட்டத்துக்கு முந்திய கிழமை கஜா அக்காவின் கால் பெருவிரல் நகம் கழன்றது. அடுத்த நாள் சப்பாத்து கிழிந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் நிலக்கீழ் அறைக்கு உடுப்புத் தோய்க்கப் போகும்போது படியில் சறுக்கி விழுந்தார். இவை மூன்றையும் நான் மூன்று வீடியோவாகப் போட்டேன். மூன்றாவதை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நான் சந்தோஷத்தில் யோகா அன்ரியின் வீட்டுக்கு ஓடிப்போய் அதைச் சொன்னேன்.

யோகா அன்ரி பயந்துபோய், “நாப்பதாயிரம் பேரோ? அப்ப எண்பதாயிரம் கண் பிள்ளை!” என்றார்.

அதன் பிறகு அவர் கஜா அக்காவைக் கீழே கூப்பிட்டு, குசினியில் நிற்க வைத்து, செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்திக்கொண்டு தலையைச் சுற்றி, அடுப்பில் சட்டியை வைத்து அதற்குள் போட்டார். நாவூறு கழிப்பது என்பது இதுதான். யாராவது பொறாமைப்பட்டோ ஆசைப்பட்டோ பார்த்த கண் ஒருவர் மேல் பட்டிருந்தால் மிளகாய் எரியும்போது கமறாது, இருமல் வராது. கண் படாவிட்டால் வீட்டில் ஒருவரும் நிற்க முடியாது, எல்லோரும் இருமுவார்கள். இதை அலுவலர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதாவது இருமினால் நல்லது, இருமாவிட்டால் கூடாது.

அன்று ஒருவருக்கும் இருமல் வரவில்லை. சட்டியில் மிளகாய் கறுத்து மை போல ஆகிவிட்டது, யோகா அன்ரிக்குக் கண் கூடக் கலங்கவில்லை. அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் போனைப் பார்த்தார்.

“இவ்வளவு பொல்லாத கண்ணை நான் என்ரை வாழ்க்கையிலை காணேல்லை” என்றார்.

கஜா அக்கா சிரித்தார். “அக்கா, எனக்கு நோகிறது நகம். கண் இல்லை. விடுங்கோ.”

“நீ பேசாமல் இரு. ஓட்டத்தண்டு திரும்பக் கழிக்கவேணும்.”

“ஓட்டத்துக்கு ஒருத்தரும் மிளகாயும் கொண்டு வரக்கூடாது, உப்பும் கொண்டு வரக்கூடாது. சொல்லிப்போட்டன்!”

இது மட்டுமல்ல, ஓட்டத்துக்கு முதல் நாள் கஜா அக்கா யோகா அன்ரிக்குக் குரல் செய்தி ஒன்றும் அனுப்பியிருக்கிறார். அதில் “மிளகாயோடை உங்களை அங்கை கண்டா, நான் அப்பிடியே நிண்டு ட்ராம் எடுத்து வீட்டை போயிடுவன்” என்று சொல்கிறார். அந்தச் செய்தியை யோகா அன்ரியின் போனில் இருந்து அலுவலருக்குப் போட்டுக் காட்டினோம். முடிவில் கஜா அக்கா சிரிப்பதும் அதில் இருக்கிறது. அதனால் பகிடிக்குச் சொன்னதாக இருக்கலாமே என்று அலுவலர் கேட்டார். கஜா அக்கா எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ட்ராமில் கதவு பூட்டப் போகிறது என்று சொல்வதையும் கூட, என்று பதில் சொன்னேன்.

ஓட்டத்தன்று காலை யோகா அன்ரி என்னோடு ரயிலில் வந்தார். அவருடைய பையில் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, குடை, ஒரு கட்டு பொரித்த ரோல்ஸ், அதன் கீழே ஒரு பெரிய பைக்கற் செத்தல் மிளகாய் இருந்தன. மிளகாயை நான் கண்டேன். கண்டதும், “அன்ரி, அக்கா வேண்டாமெண்டவவெல்லோ” என்று சொன்னேன். அவர், “அவவுக்கு முன்னாலை செய்யக்கூடாதெண்டுதானே சொன்னவ? அவ போனாப்பிறகு செய்வம்” என்றார். எனக்கு அது சரி போலப் பட்டது. நாற்பதாயிரம் பேரைக் கூட்டி வந்தது நான் என்றபடியால் எனக்கும் உள்ளே ஒரு பயம் இருந்தது. ஆகவே நான் மறிக்கவில்லை, கூடப் போனேன். என்னை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை.

சுரங்கத்தின் கீழ் வாயிலை நாங்கள் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் காலடி மண். ஆளை நிற்க வைத்துச் சுற்ற முடியாவிட்டால் அவர் மிதித்த இடத்து மண்ணை எடுத்து மிளகாயோடு சேர்த்து எரிப்பது வழக்கம். பாதை முழுவதும் சல்லி, அதில் காலடி பதியாது. சுரங்க வாயிலில் மட்டும் பாறையில் இருந்து தண்ணி ஒழுகிச் சேறாக இருக்கும். இந்த விஷயத்தை யோகா அன்ரிக்குச் சொன்னவள் நான். கஜா அக்காவின் பழைய பயிற்சி வீடியோ ஒன்றில் அவர் அந்தச் சேற்றில் சறுக்குகிறார்.

அதன் பிறகு நாங்கள் அங்கே காத்து நின்றோம். ஆண்கள் பலர் போனார்கள். அதன் பிறகு வளைவில் கஜா அக்காவின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. பெண்களில் அவர்தான் முதலாவது! எனக்குக் கை கால் ஓடவில்லை. “அக்கா, நீங்கள்தான் முதல்! நீங்கள்தான் முதல்!” என்று கத்தினேன். அவர், “அப்ப ஏன் அழுகிறீர்?” என்று கேட்டுக்கொண்டே சேற்றை மிதித்துச் சுரங்கத்துக்குள் போனார். யோகா அன்ரி பாறைக்குப் பின்னால் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். கஜா அக்கா அவரைக் காணவில்லை. இது முக்கியம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன், திரு. நித்தியானந்தன் இரண்டு தடவையும் எழுதினார்.

அவர் போனதும் யோகா அன்ரி ஓடி வந்து சேற்றில் ஒரு பிடி அள்ளினார்.

எரிப்பதற்கு, கஜா அக்கா வர முன்பே, நாங்கள் முதலில் போனது சுரங்கத்துக்கு அல்ல. கொஞ்சம் கீழே ஆற்றங்கரையில் கல் அடுக்கிய பொது நெருப்பு இடம் ஒன்று உண்டு. அங்கே நெருப்பு மூட்ட அனுமதி இருக்கிறது. நாங்கள் அங்கேதான் போனோம். ஆனால் ஒரு சுவிஸ் குடும்பம் அதில் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த ஐயா எழும்பி, வாருங்கள், எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்று நல்ல விதமாகத் தன் சொசேஜ்களை ஒரு பக்கம் ஒதுக்கினார். யோகா அன்ரி என் காதுக்குள், “மச்சம் மாமிசம் சுட்ட நெருப்பிலை நாவூறு கழிக்கேலாது பிள்ளை” என்றார். நான் அந்த ஐயாவுக்கு நன்றி சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் எங்களுக்கு, உடனே பற்றும் கரி நிரப்பி விற்கும், மூட்டாத புது அலுமினியக் கரித்தட்டு ஒன்றை இலவசமாகத் தந்தார். அந்த ஐயா யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கு இந்த விஷயத்தில் வேறு ஒரு தொடர்பும் இல்லை.

கஜா அக்கா போய்ச் சேற்றை அள்ளும்போது காற்றோடு தூறல் வந்தது. வெளியில் நெருப்புப் பிடிக்கவில்லை. ஆகவே கரித்தட்டைச் சுரங்க வாயிலுக்கு உள்ளே, சுவரோரமாக, ஓடுபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் வைத்தோம். கரியைத் தட்டுக்குள் மூலையோடு ஒதுக்கி மூட்டினோம். நான் குடை பிடித்தேன். கரி சிவக்கத் தொடங்கியதுமே யோகா அன்ரி மிளகாயையும் உப்பையும் சேற்றையும் கஜா அக்கா போன திசையைப் பார்த்துச் சுற்றிப் போட்டார். வழக்கமாக ஏழெட்டு மிளகாய் போதும். அவர் பைக்கற்றின் பெரும்பகுதியைக் கவிழ்த்துவிட்டார். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். “கண் எத்தினை எண்டு நீர்தானே சொன்னனீர்?” என்றார்.

அதன் பிறகு நடந்தது என் படிப்புக்கே வெட்கம். சுரங்கத்தின் மேல் வாயில் உயரம், கீழ் வாயில் பள்ளம். அப்படிப்பட்ட ஒரு குழாய்க்குள் கீழே நெருப்பு வைத்தால் புகை மேலே இழுபடும் என்பது ஆய்வுகூடத்தில் முதல் வருடமே சொல்லித் தருவது. புகை எங்கள் பக்கம் வரவே இல்லை. அப்படியே சுருண்டு உள்ளே போனது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு இருமலும் வரவில்லை. யோகா அன்ரி நெஞ்சில் கை வைத்து, “இன்னும் போகேல்லை பிள்ளை, கண் இன்னும் போகேல்லை!” என்று மிச்ச மிளகாயையும் போடப் பார்த்தார்.

அந்த நேரம் பெண்களில் இரண்டாவதாக வந்த ரெகுலா எங்களைத் தாண்டி உள்ளே போனார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து இருமல் சத்தம் கேட்டது. முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். சுரங்கம் என்றபடியால் நூறு பேர் இருமுவது போலக் கேட்டது. ஒருவர் டொச்சில் “வாயு! வாயு!” என்று கத்தினார். இந்தப் பக்கம் இரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம், அந்தச் சொல்லை ஒருவரும் பகிடியாக எடுக்க மாட்டார்கள். அப்போதுதான் யாரோ அவசர இலக்கத்துக்கு அழைத்திருக்க வேண்டும்.

நான் பயத்தில் யோகா அன்ரியின் பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணியை நெருப்பில் ஊற்றினேன். புகை இரண்டு மடங்கானது. அதன் பிறகு குடையைக் கவிழ்த்து அதில் ஈர மணலை அள்ளி வந்து கொட்டினோம், நெருப்பு அணைந்தது.

இனிச் சொல்வதை நான் கண்ணால் காணவில்லை, காதால் கேட்டேன். சுரங்கத்தின் மறு முனையில் இருந்து கஜா அக்காவின் குரல் வந்தது. அவர் கத்திய சொற்கள் இவை: “யோகாக்கா! வேண்டாமெண்டு சொன்னனானெல்லோ! ஏனக்கா உந்த விசர் வேலை பாத்தனீங்கள்!” விசர் வேலை, அதாவது பைத்தியக்கார வேலை, என்பதை அப்படியே எழுதுவதா என்று திரு. நித்தியானந்தன் கேட்டார். அப்படியே எழுதச் சொன்னேன்.

யோகா அன்ரி அந்தச் சத்தத்தைக் கேட்டு மிச்ச மிளகாய்ப் பைக்கற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஆனாலும், “இவ்வளவு தூரம் ஓடிப்போட்டும் அவளுக்கு என்ன மூச்சு பார்!” என்றார்.

பின்னர் கஜா அக்காவும் ரெகுலாவும் இங்கே, பொலிஸ் நிலையத்தின் நடையில், எனக்குச் சொன்னது: கஜா அக்கா சுரங்கத்தின் மேல் வாயிலால் வெளியே வந்து, நகம் கழன்ற விரலுக்குத் துணியை மாற்றிக் கட்டிவிட்டு, அங்கே இருந்த தண்ணி மேசையில் ஒரு கப் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் புகை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவர் மணந்து பார்த்தார். உடனே மேலே சொன்ன சொற்களைக் கத்திவிட்டு, கழுத்துத் துணியைத் தண்ணியில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, வந்த பாதையிலேயே திரும்பி உள்ளே ஓடினார். முன்னால் நிலையக் கட்டடத்தின் கடிகாரம் தெரிகிறது. பின்னால் வரும் பெண் புகைக்குள் நிற்கிறார். அந்த நேரம் அவர் திரும்பியது முடிவிடத்தின் பக்கம் அல்ல.

உள்ளே ரெகுலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் திறக்க முடியவில்லை. வளைவில் எந்தப் பக்கம் வெளியே போவது என்றும் தெரியவில்லை. கஜா அக்கா டொச்சில், “இது விஷம் இல்லை, சாப்பாட்டுச் சாமான்! கண்ணை மூடுங்கோ, முன்னுக்கு நிக்கிற ஆளின்ரை இடுப்பைப் பிடியுங்கோ!” என்று சொல்லி, எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, தான் முன்னால் நின்று வெளியே கூட்டி வந்தார். இப்படித்தான் வருடக்கணக்காக ரயில் ஓடாத சுரங்கத்தில் ஒரு ரயில் ஓடியது, அதை ஓட்டியது ஒரு ட்ராம் ஓட்டுநர். இதைச் சொன்னது ரெகுலா, நான் சேர்க்கவில்லை. வெளியே வந்து முகம் கழுவிய பிறகு இருவரும் ஒன்றாக ஓடத் தொடங்கினார்கள். கடைசி வளைவில் கஜா அக்கா விட்டு ஓடி, முதலாவதாக முடித்தார்.

நான் அதைப் பார்க்கவில்லை. அந்த நேரம் எங்கள் முன்னால் முகமூடி போட்ட தீயணைப்பு வீரர்கள் நின்றார்கள். யோகா அன்ரி அவர்களுக்கு மிச்சப் பைக்கற்றைக் காட்டினார். ஒருவர் முகமூடியைக் கழற்றி அதற்குள் மூக்கை வைத்தார். அவர் இருமி முடிக்க நாங்கள் காத்திருந்தோம். பிறகு அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்: “சில்லி.” அவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சுரங்கம் மூடப்பட்டு, பின்னால் வந்தவர்கள் மேட்டு வீதியால் திருப்பப்பட்டார்கள். அவர்கள் எல்லோரிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த மேட்டு வீதி செங்குத்து.

அதன் பிறகு எங்களைப் பொலிஸ் வாகனத்தில் ஏற்றினார்கள். விலங்கு போடவில்லை, தண்ணி தந்தார்கள். வாகனத்தில் யோகா அன்ரி முதலில் அழுதார். பிறகு திடீரென்று நிறுத்தி, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

“பிள்ளை, அந்தச் சுவிஸ் பிள்ளை இருமினதெல்லோ?”

“ஓம் அன்ரி. ஆகக் கூட இருமினது அவதான்.”

“அவவுக்குப் பின்னாலை வந்தவை?”

“எல்லாரும்.”

“நெருப்பணைக்க வந்த தம்பி?”

“அவரும்தான்.”

“அப்ப ஒருத்தற்றை கண்ணும் என்ரை தங்கச்சிக்குப் படேல்லை!” என்று கை தட்டினார். முன்னால் இருந்த பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. யோகா அன்ரி குசினியில் மிளகாய் எரித்த அன்று அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் மெசின் ஆகக் கூடிய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பல்கனிக் கதவும் திறந்திருந்தது. முந்தி ஒரு நாள் மீன் பொரித்தபோது கட்டடப் பொறுப்பாளர் வந்து சத்தம் போட்டதில் இருந்து அவர் எது சமைத்தாலும் அப்படித்தான். ஆய்வுகூடத்தில் நான் தினமும் அதே மாதிரி மெசினுக்குக் கீழேதான் வேலை செய்கிறேன், அதற்குக் கீழே எதை எரித்தாலும் இருமல் வராது. இதை அன்ரிக்குச் சொன்னேன். அவர் மறுபடியும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, “அப்ப எண்பதாயிரம் கண்ணும் என்ரை குசினி மெசினுக்குள்ளையோ கிடந்தது?” என்று கேட்டார்.

எங்கள் நோக்கம் என்ன என்று அலுவலர் கேட்டதற்குப் பதில்: கஜா அக்கா விழாமல் ஓடி முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான். ரெகுலாவையோ வேறு ஒருவரையோ மறிப்பதற்குச் செய்யவில்லை. நெருப்பு மூட்டக் கூடாத இடத்தில் மூட்டியதற்கு என்ன தண்டம் வந்தாலும் யோகா அன்ரியும் நானும் கட்டுவோம். அதில் விவாதம் இல்லை.

ஆனால் கஜா அக்காவின் முதலிடம் வேறு விஷயம். அது இப்போது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஓட்டக் குழுவின் தலைவர் போனில் என்னிடம் சொன்னதன்படி, தன் ஆட்கள் புகை போடப் போவது கஜா அக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவருடைய பெயர் வெட்டப்படும். மேல் வாயிலில் அவர் தமிழில் ஏதோ கத்தியதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. தன் ஆட்களுக்கு அவர் ஏதோ கட்டளை கொடுத்தார் என்று ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ரெகுலா தானாகவே இங்கே வந்து, அந்தப் பெண் திரும்பி வராவிட்டால் தான் உள்ளேதான் நின்றிருப்பேன் என்று எழுதித் தந்துள்ளார். ஆனால் அந்தச் சொற்கள் என்ன என்று அவருக்கும் தெரியாது.

நான் சொல்வது போதாதா என்று கேட்டேன். நான் ரசிகை, யோகா அன்ரி சகோதரி, இரண்டு பேரும் நெருப்பு மூட்டியவர்கள், ஆகவே போதாது என்று அலுவலர் சொன்னார். அது நியாயம். கஜா அக்கா சப்பாத்துக் கட்டுவதைக் கூட நான் வீடியோ எடுத்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு முறை என் இரண்டு கையிலும் குடை இருந்தது.

சான்றுப் பொருளான மிச்ச மிளகாய்ப் பைக்கற்றை இங்கே அலுவலர் திறந்து பார்த்தார், அவருக்கும் இருமல் வந்தது. நடையில் இருந்த யோகா அன்ரி கதவுக்கு வெளியே இருந்து, “கேட்டனீரே மதுஜா, அவவின்ரை கண்ணும் படேல்லை!” என்றார். அதைத் திரு. நித்தியானந்தன் மொழிபெயர்த்தார். அலுவலர் முதல் தடவையாகச் சிரித்து, யன்னலைத் திறந்தார்.

இந்த வாக்குமூலத்தின் பிரதியை என் பக்கத்தில் தமிழிலும் டொச்சிலும் போடுவேன் என்று அலுவலருக்கு முன்கூட்டியே அறிவித்துள்ளேன். ஆகவே கடைசியாக இதையும் எழுதச் சொன்னேன்: அன்று சுரங்கத்தின் மேல் வாயிலில் ஓடுபவர்களை உற்சாகப்படுத்த மாட்டு மணி ஆட்டிக்கொண்டு நின்றவர்களே, தண்ணி மேசையில் நின்றவர்களே, உங்களில் பலருடைய கையில் போன் இருந்தது. மஞ்சள் தொப்பி போட்ட பெண் கப்பை எறிந்துவிட்டுக் கத்துவது உங்கள் வீடியோவில் இருக்கும். உங்களுக்கு அது விளங்காது, அழித்துவிடாதீர்கள். அது ஒரு தங்கச்சி தன் அக்காவை ஏசுவது. வேண்டாம் என்று சொன்னேனே என்று ஏசுவது. அதைக் கேட்டால் எந்தத் தமிழ் ஆளும் சொல்லுவார், தெரிந்து செய்வித்தவர் அப்படி ஏச மாட்டார் என்று. வருகிற சனிக்கிழமை ஓட்டக் குழு பழைய நிலையக் கட்டடத்தில் கூடி முடிவெடுக்கிறது. அதற்கு முன் அந்த வீடியோவை இங்கே கொண்டு வந்து கொடுங்கள். இதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். புகையில் இருமியவர்கள் எல்லோரும் சனிக்கிழமை அங்கே வாருங்கள், யோகா அன்ரி எல்லோருக்கும் ரோல்ஸ் கொண்டு வருவார். மிளகாய் குறைத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன், ஒன்றையும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்று ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மதுஜா இராஜசிங்கம்

மொழிபெயர்த்து எழுதியவர்: (ஒப்பம்) நித்தியானந்தன்